ஏழு தரம் சொன்ன பெயர்

மார்கழி மாதம். இரவு பத்தேகால். கன்னியா வீதி.

மழை விட்டிருந்தது, மரங்கள் விடவில்லை. இலைக்கு இலை சொட்டிக்கொண்டிருந்தது. நாலாம் மைல்கட்டையைத் தாண்டினால் வீடில்லை, விளக்கில்லை. இரு புறமும் காடு. நடுவில் ஒரு சைக்கிள். மிதித்தால் எரியும், நிறுத்தினால் அணையும் விளக்கு அதற்கு. ஆகவே அதில் வந்த மனிதர் நிறுத்தாமல் மிதித்துக்கொண்டிருந்தார்...

பெயர் சின்னராசா. என்னோடு இறங்குதுறையில் வேலை பார்த்த நண்பனின் ஒன்றுவிட்ட சித்தப்பா. அவன் எனக்குச் சொன்னபடியே உங்களுக்குச் சொல்கிறேன். இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். மேடையில் சொல்லக்கூடிய கதை அல்ல இது.

அவர் யார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பகலில் துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர். மாலையில் பேச்சாளர். சந்தை முகப்பில் ஒரு மேசைமீது ஏறி நின்றாரென்றால், மீன் வாங்க வந்தவர்கள் மீனை மறந்து நிற்பார்கள். சாதி பார்க்கும் கிணறு, சாதகம் பார்க்கும் கல்யாணம், இருப்பவனைப் பட்டினி போட்டு இறந்தவனுக்குப் பிண்டம் வைக்கும் சடங்கு... ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்துக் கூண்டில் ஏற்றுவார். பேசியதைச் செய்தும் காட்டியவர். தந்தை இறந்தபோது அவர் மொட்டை அடிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போகவில்லை. எங்கெங்கோ இருந்து மக்கள் பஸ் ஏறி வந்து தங்கள் இறந்தோருக்குக் கடைசிக் கிரியை செய்யும் அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அவர் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தன. அவர் போகவில்லை.

கல்யாணம் செய்யாத மனிதர். வீட்டில் அவரும் தாய் கனகம்மாவும் மட்டும். கனகம்மாவுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு. இரவானால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இழுபடும். கீச்... கீச்... என்று, காய்ந்த கப்பியில் கயிறு ஓடுவது போல. அந்த ஓசை இல்லாமல் அந்த வீட்டில் ஓர் இரவும் கழிந்ததில்லை.

கணவன் போன பிறகு கனகம்மா மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எனக்கெண்டாலும் செய்வியோ ராசா?"

"செய்வன் எண்டு பொய் சொல்ல ஏலாது அம்மா."

அதற்குப் பிறகு அவர் வாயால் கேட்கவில்லை. சோறு போடும்போது கேட்டார், கண்ணால். கதவு திறக்கும்போது கேட்டார். ஆயிரம் பேர் கைதட்டலுக்கு நிமிர்ந்து நின்ற மனிதர், அந்தப் பார்வையின் முன் ஒவ்வொரு நாளும் குனிந்து சாப்பிட்டார்.

இனி, ஒரு பகடையின் கதை.

துறைமுகத்தில் இயந்திரப் படகு ஓட்டியவன் அல்பிரட். வெளிநாட்டுக் கப்பலின் மாலுமி ஒருவன் கரை இறங்கும்போது அவனிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே ஓர் ஆங்கிலப் புத்தகமும் விதவிதமான பகடைகளும். நான்கு முகம், எட்டு முகம்... ஒன்றுக்கு இருபது முகம். அல்பிரட்டின் மனைவி மக்டலின் தட்டெழுத்தாளர், ஆங்கிலம் அறிந்தவர். புத்தகத்தைப் படித்துவிட்டு அவர் விளக்கினார்: இதற்குப் பலகை இல்லை, காய் இல்லை. ஒருவர் கதையைச் சொல்வார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், நான் அங்கே போகிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும்.

"இது எங்கட கூத்துத்தானே," என்றான் ஸெய்னுதீன். கிண்ணியாத் துறையில் தோணி விடுபவன், அல்பிரட்டின் கூட்டாளி. "ஆட்டம் மட்டும் இல்ல. குந்திக்கொண்டே ஆடுற கூத்து."

அன்றிலிருந்து கதை சொல்பவருக்கு அவர்கள் வைத்த பெயர் கட்டியக்காரன். வேறு யார் அந்த இடத்துக்கு? சின்னராசாதான்.

புத்தகத்தில் இருந்த வெளிநாட்டுப் பூதங்களை அவர் ஒரு வாரங்கூடப் பொறுக்கவில்லை. கோணமலையின் அடிவாரத்தில் பிறந்துவிட்டு, யாரோ ஒருவனுடைய குகைக்குள் ஏன் குனிந்து நுழைய வேண்டும் என்று கேட்டார். எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினார். நம் ஊர்ப் பழங்கதையை எழுதினார். தாய் நோயில் கிடக்கிறாள். அவள் வணங்குவதற்காகக் கோணமலையையே பெயர்க்க வருகிறான் இராவணன். வாளால் வெட்டுகிறான், வெட்டு இன்றும் இருக்கிறது. அப்போது தெய்வம் ஒன்று முதியவர் வேஷத்தில் வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்கிறது. மகன் நம்புகிறான். மலையை விட்டுவிட்டு வந்து, வாளால் நிலத்தைக் குத்தி ஏழு ஊற்று எடுத்து, தாய்க்குக் கிரியை செய்கிறான். ஆனால் தாய்... அந்த நேரம் உயிரோடு இருக்கிறாள்.

"பாருங்கள் இந்த அநியாயத்தை," என்று மேசையில் தட்டினார் சின்னராசா. "வாளால் வீழ்த்த முடியாதவனை ஒரு வாக்கியத்தால் வீழ்த்தினார்கள். உயிரோடு இருந்த தாய்க்கு அவன் கையாலேயே எள்ளும் தண்ணீரும் இறைக்க வைத்தார்கள். அந்த ஒரு பொய்யைத்தான் இன்றைக்கும் நாங்கள் வரிசையில் நின்று செய்துகொண்டிருக்கிறோம். என்னுடைய கதையில் இராவணன் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை."

அதற்காகவே ஒரு சட்டம் எழுதினார். முதியவரின் சொல்லைக் கேட்பவர் இருபது முகப் பகடையை எறிய வேண்டும். பன்னிரண்டும் அதற்கு மேலும் விழுந்தால் அவர் நம்பவில்லை. நம்பாதவனுக்கு அந்தச் சாவு நடக்கவே இல்லை. கொப்பியில் இந்த வரியின் கீழே மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை தோறும் உட்துறைமுக வீதியில் அல்பிரட்டின் வீட்டு மேசையில் ஆட்டம் நடந்தது. அல்பிரட் சேனாபதி. ஸெய்னுதீன் தோணிக்காரன், வேஷத்திலும் அதையே கேட்டு வாங்கினான். இராவணன் வேஷம் மக்டலினுக்கு.

"பத்துத் தலைக்கும் நான் ஒருத்தியே கதைக்கோணும்?" என்றார் மக்டலின். "ஒம்பது சும்மா இருக்கட்டும்."

"ஒம்பது தலை சும்மா இருந்தா அது ராவணன் இல்ல அக்கா. உங்கட புருசன்," என்றான் ஸெய்னுதீன்.

அல்பிரட் சிரித்தானே தவிர வாய் திறக்கவில்லை.

நான் சொல்லும் அந்த வெள்ளிக்கிழமை, கதை முதியவரிடம் வந்து சேர்ந்தது. முதியவரின் குரலைச் சின்னராசாவே பேசினார். மேடைக் குரலை அடக்கி, பல் இல்லாத வாயால் பேசுவது போல, மெதுவாக...

"மகனே. தாய் போயிட்டா."

மக்டலின் பகடையை எறிந்தார். உருண்டது. நான்கு.

இராவணன் நம்பிவிட்டான். இனிக் கிரியை நடக்க வேண்டும். சட்டம் சட்டந்தான். ஒரு செம்பில் தண்ணீர், ஒரு சாசர். ஏழு கிணற்றுக்கும் ஏழு தரம் வார்க்க வேண்டும். ஒவ்வொரு தரமும் இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். கன்னியாவில் எப்படிச் செய்கிறார்களோ அப்படியே எழுதியிருந்தார், அந்தப் பொய்யின் முழு உருவத்தையும் எல்லாரும் காண வேண்டும் என்பதற்காக. ஆனால் கொப்பியில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எழுத மறந்திருந்தார்.

"என்ன பேரைச் சொல்ல?" என்றார் மக்டலின்.

இந்த இடத்தில்தான் சின்னராசா தவறினார். அறியாமையால் அல்ல. அச்சத்தால் அல்ல. அச்சமில்லை என்று காட்டுவதற்காக.

"கனகம்மா எண்டு சொல்லுங்கோ."

வெளியே துறைமுகத்தில் ஒரு சங்கிலி எங்கோ உராய்ந்து நின்றது.

"விளையாட்டுக்கும் ஒரு அளவிருக்கு அண்ணே," என்றான் ஸெய்னுதீன். அவன் குரலில் கேலி இல்லை. "தாயிட பேர இதில வைக்காதீங்க."

பெயர் என்பது காற்று என்றார் சின்னராசா. வாயிலிருந்து வந்து காற்றோடு போவது. அதற்கு அஞ்சுகிறவர்கள் நாளை தங்கள் நிழலுக்கும் அஞ்சுவார்கள். இத்தனை ஆண்டு மேடையில் தொண்டை கிழியக் கத்தியது இந்த நான்கு சுவருக்குள்ளேயே செல்லுபடியாகாதா? மக்டலின் செம்பை அவர் பக்கம் தள்ளிவைத்தார். நான் சொல்லமாட்டன், நீங்களே சொல்லுங்கோ என்றார்.

சின்னராசா சொன்னார். ஒருமுறை சொல்லி, கொஞ்சம் வார்த்தார். மறுமுறை சொல்லி, கொஞ்சம் வார்த்தார். தெளிவாக, ஒரு எழுத்தும் விழுங்காமல், ஏழு தரம். சுவர்க் கடிகாரம் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் காட்டியது.

ஒன்றும் நடக்கவில்லை. அவர் சிரித்தார். மக்டலின் சாசரை எடுக்கப் போய்... கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுது," என்றார்.

மண்பானைத் தண்ணீர் அது. ஸெய்னுதீன் ஒரு விரலை வைத்தான், அவனும் எடுத்தான். சின்னராசா தொடவில்லை. நேரமாகிறது என்று எழுந்தார். சைக்கிளை எடுத்தார். ஆனால் நேரே வீட்டுக்குப் போகவும் மனம் வரவில்லை. தபால் கந்தோர்ப் பக்கம் ஒரு சுற்று. கடற்கரை ஓரம் ஒரு சுற்று. மூடிய தேநீர்க் கடையின் முன்னால் காரணமில்லாமல் நின்றார். கால் தரையில் தரிக்கவில்லை. ஏன் சுட்டது... ஏன் நான் தொடவில்லை... இதையே மிதித்து மிதித்து, பத்தேகாலுக்குக் கன்னியா வீதியில் இருந்தார்.

பாதை பிரியும் இடத்தில் ஒரு மதகு. இடப்புறம் திரும்பினால் அவர் வீடு. நேரே போனால் கிணறுகள்.

தவளைகள் நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக அல்ல... எல்லாம் ஒரே நேரத்தில்.

எள்ளின் மணம். நனைந்த சாம்பலின் மணம்.

மதகுக் கட்டில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி. அவ்வளவு மழைக்கும் காய்ந்த வேட்டி. சின்னராசாவின் கால் தானாக நின்றது. விளக்கு அணைந்தது. இருட்டில் குரல் மட்டும் வந்தது.

"மகனே. தாய் போயிட்டா."

அது அல்பிரட்டின் வேலை, யாரையோ பிடித்து இருத்தியிருக்கிறான் என்று நினைத்து, ஏசுவதற்கு வாய் நிறையச் சொற்களோடு நின்றார். ஆனால் அந்தக் குரல்... அடக்கிய குரல், பல் இல்லாத வாயால் பேசுவது போன்ற குரல்... ஒன்றரை மணி நேரத்துக்கு முன் மேசையில் அவரே பேசிய குரல். அவருடைய தொண்டை. வேறொருவர் வாயில்.

சட்டைப் பைக்குள் ஏதோ உறுத்தியது. பகடை. மக்டலின் அதைப் பெட்டிக்குள் போட்டு மூடியதை அவர் கண்ணால் கண்டிருந்தார்.

எறிந்தார். மதகுக் கட்டில் அது உருண்ட ஓசை நெடுநேரம் கேட்டது, அந்தக் கட்டு இருக்கும் நீளத்தை விட நெடுநேரம். நெருப்புக்குச்சி கிழித்துப் பார்த்தார்.

பதினேழு.

"நான் நம்பேல்ல," என்றார் சின்னராசா.

முதியவர் கோபிக்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"சரி. நீ எழுதின சட்டம். அப்பிடியே இருக்கட்டும்."

குச்சி விரலைச் சுட்டு அணைந்தது. தவளைகள் மீண்டும் தொடங்கின.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. குசினியில் விளக்கு. கனகம்மா அடுப்படியில் இருந்தார். உயிரோடு! சின்னராசா வாசலிலேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வென்றுவிட்டார். பொய்யை நம்பாமல் நின்ற முதல் மகன். தாயைக் கட்டிப் பிடித்து அழ வேண்டும் போலிருந்தது; பழக்கம் இல்லாததால் செருப்பைக் கழற்றினார்.

"ஒம்பது மணிக்குக் கிட்ட என்னைக் கூப்பிட்டாய்," என்றார் கனகம்மா, திரும்பாமல். "ஏழு தரம். கேட்டது."

அவர் செருப்பைச் சுவரோரம் ஒதுக்கி வைத்தார்.

"நல்லது ராசா. எனக்கு இப்ப சுகமாயிருக்கு."

உண்மைதான். அன்று இரவு கீச்சொலி இல்லை. வீடு முழுவதும் அமைதி. பாயில் படுத்து அவர் அந்த அமைதியை அனுபவித்தார்... கொஞ்ச நேரம். பிறகு காது கூர்ந்தது. தொய்வு இல்லாவிட்டால், சும்மா மூச்சு இருக்க வேண்டும். எழுந்தார். இருட்டில் தவழ்ந்து தாயின் கட்டிலருகே போனார். மூக்கின் முன் புறங்கையை நீட்டினார். எண்ணினார். நூறு வரை எண்ணினார்.

ஒன்றும் கையில் படவில்லை.

"நித்திரை கொள்ளு ராசா," என்றார் கனகம்மா. கண் திறந்திருந்தது.

அதன் பிறகு இருபத்தெட்டு நாள். கனகம்மா சமைத்தார், கூட்டினார், கிணற்றில் அள்ளினார். சாப்பிட்டதை மட்டும் யாரும் காணவில்லை. மூன்றாம் வாரம், சின்னராசா மேசையில் மறந்துவிட்டுப் போன கொப்பியைக் கொடுக்க மக்டலின் வந்தார். கனகம்மா அவரை உள்ளே கூப்பிட்டு, தேநீர் வைக்க அடுப்பை ஊதினார். ஊதுகுழலை வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதினார். ஒருமுறை... இருமுறை... மக்டலின் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுப்பில் கிடந்த சாம்பலில் ஒரு துகளும் அசையவில்லை. தேநீர் குடிக்காமல் எழுந்து போன மக்டலின் பிறகு அந்தப் பகடைப் பெட்டியை அல்பிரட்டின் படகில் கொண்டுபோய், வெளித்துறையில் கடலில் போட்டார்.

சின்னராசா மேடை ஏறுவதை விட்டார். தூக்கம் விட்டது. வேலைத் தலத்தில் இருந்த இடத்தில் இருக்காமல் எழுந்து எழுந்து நடந்தார். எதை நிரூபித்தார் அவர்? யாருக்கு? சாவை நம்ப மறுத்தார். சாவு பாதி வழியில் நின்றுவிட்டது. அவ்வளவுதான். நின்ற இடத்தில் தாய் நிற்கிறார், போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல்.

இருபத்தொன்பதாம் நாள் கனகம்மா வாயால் கேட்டார்.

"முப்பத்தொண்டு நாளையிண்டைக்கு. எனக்கெண்டாலும் செய்வியோ?"

"செய்யிறன் அம்மா," என்றார்.

மொட்டை அடித்தார். ஆம், அவர்தான். விடியுமுன் கிணற்றடிக்குப் போனார். எள், அறுகம்புல், அரிசி மாவு நிறைந்த தட்டத்தை ஏந்திக்கொண்டு கனகம்மா பின்னால் நடந்து வந்தார். ஏழு கிணற்றிலும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஐயர் தர்ப்பையை விரலில் மாட்டிவிட்டார். யாருக்கு என்று கேட்க நிமிர்ந்தவர், சின்னராசாவின் தோளுக்கு மேலால் பின்னால் பார்த்தார். பார்வையை உடனே இறக்கிக்கொண்டார். பிறகு அந்த மனிதர் சின்னராசாவின் முகத்துக்கு மேலே பார்வையை உயர்த்தவே இல்லை.

"தாயார் காலமாயிட்டா எண்டு உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ," என்றார், தட்டத்தைப் பார்த்தபடி. "அவ பெறாத பிள்ளை நான், சொல்லக் கூடாது."

ஆயிரம் பேரை ஒரு சொல்லால் எழுப்பியவர். ஒரு சொல்லால் இருத்தியவர். பின்னால் தாய் நிற்கிறார். தாய் காத்திருக்கிறார். மூன்றே சொல்... என் அம்மா இறந்துவிட்டார் என்று மூன்றே சொல்.

உதடு அசைந்தது என்று ஐயர் பிறகு சொன்னார். ஓசை வந்ததா என்று கேட்டால், கிணற்றுத் தண்ணீர் கொதித்த சத்தத்தில் தனக்குக் கேட்கவில்லை என்றார். கிரியையை முடித்தார். திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போங்கோ, அதுதான் முறை என்றார்.

சின்னராசா நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்றடி தாண்டி, காட்டோரம் தாண்டி... பின்னால் மணலில் மெல்லிய காலடி. நின்றார், அது நின்றது. நடந்தார், அது நடந்தது. ஐயருடைய காலடியா? காலை வேளையில் குளிக்க வந்த யாருடையதாவதா? இருக்கலாம். திரும்பினால் தெரிந்துவிடும். திரும்பி, தாய் அங்கே நின்றால்... தான் அந்த மூன்று சொல்லைச் சொல்லவில்லை. திரும்பி, அங்கே யாரும் இல்லையென்றால்... தான் தாயைப் போக்கிவிட்டார். இரண்டில் எதையும் அவரால் தாங்க ஏலாது. வாசலில் ஏறினார். காலடியும் ஏறியது. கதவைப் பின்கையால் சாத்தினார்.

முறைகள் அனைத்தையும் உடைக்கப் பிறந்தவர் அந்த ஒரு முறையை இன்றும் காக்கிறார். வருடம் ஒன்றரை ஆகிறது. கூப்பிட்டால் தலை திரும்பாது. முழு உடம்போடு சுற்றி வந்து உங்கள் முன்னால் நிற்பார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் வாசலைப் பார்த்தபடி ஒரே கதிரையில் இருக்கிறார். அந்தக் கதிரைக்குப் பின்னால் குசினி.

போன மாதம் என் நண்பன் அங்கே ஒரு இரவு தங்கினான். சித்தப்பா மூன்று கோப்பையில் சோறு போட்டார். ஒன்றை அவனிடம் நீட்டினார், ஒன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மற்றதை, பார்க்காமல், கதிரைக்குப் பின்னால் நிலத்தில் வைத்தார். சாப்பிட்டார்கள். விளக்கை அணைத்தார்கள். வீட்டில் வேறு ஆள் இல்லை. நண்பன் வாசற்படியில் குறுக்கே படுத்தான், கண்ணை மூடவில்லை, சித்தப்பா கதிரையை விட்டு எழவும் இல்லை என்று சத்தியம் செய்கிறான்.

விடிந்ததும் குசினிக்குள் எட்டிப் பார்த்தான்.

கதிரைக்குப் பின்னால் வைத்த அந்தக் கோப்பை கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது...